நீங்கள் ஒரிஜினல் என்று சொன்ன சாம்பல் கிண்ணம்

சோப்புப் போட்டுக் கழுவியும் பெருவிரலில் அந்த வாசனை போகவில்லை. ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கிற மருந்தின் வாசனை. பேக்லைட் என்கிற அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக் சாமானைச் சூடு வருகிற வரைக்கும் விரலால் தேய்த்து மோந்து பார்த்தால் அந்த வாசனை வரும், இப்போது செய்கிற பிளாஸ்டிக்கில் வராது என்பதை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் நீங்கள்தான். கல்யாணமாகி வந்த புதிதில், புருஷன் ஒரு கறுப்புக் கார்க் குமிழைத் தேய்த்துத் தேய்த்து மூக்கில் வைத்துக்கொள்வதைப் பார்த்து, இவருக்கு ஏதோ கோளாறு என்று எங்கள் அம்மாவிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு நானே கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு முன்னால் அதையே செய்தேன். அவள் என்னை எப்படிப் பார்த்தாள் என்று கேட்காதீர்கள்.

அவள் பெயர் செல்வராணி. வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி வந்து, பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்து, நாகல் நகரில் நாலு தெரு விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் துண்டு. துண்டுக்குள் காரில் வைக்கிற சாம்பல் கிண்ணம்.

"ஐயா இருந்தா அவருகிட்டயே கேட்ருப்பேன்க்கா. இப்ப உங்களத்தான் எல்லாரும் சொல்றாக" என்றாள்.

எல்லாரும் என்னைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். இந்த வேலையை யார் தலையில் கட்டிவிட்டுப் போகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? வாட்ஸப்பைத் திறந்தால் ஹாரன், பனி விளக்கு, கதவுக் கண்ணாடி, வெயில் மறைப்பு. 'அம்மா, இது ஒரிஜினலா?' 'அக்கா, செத்த இந்த ஸ்குரூவைப் பாருங்க.' குழம்பு அடுப்பில் கொதிக்கும்போதுதான் எல்லாருக்கும் சந்தேகம் வரும். நான் இதையெல்லாம் ஆசைப்பட்டா படித்தேன்? நீங்கள் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு "வெளிச்சத்தை இங்கிட்டுக் காட்டுடி, அங்கிட்டுக் காட்டுடி" என்று விரட்டினீர்கள். டார்ச் பிடிக்கிறவளுக்கும் கண் இருக்குமல்லவா, அந்தக் கண்ணால் தெரிந்துகொண்டதுதான். சலித்துப் போய்விட்டது எனக்கு. ஒரு சாமானைப் பார்த்து 'அழகாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போகிற சாதாரணப் பெண்ணாக இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

செல்வராணி சொன்ன கதை இதுதான். அவளுடைய அப்பா நம் வண்டி மாதிரியே ஒரு கறுப்புச் சீமைக் காரை வாடகைக்கு ஓட்டியவர். கொடைக்கானல் மலையில் ஏறி இறங்கியே காலத்தைக் கழித்தவர். வண்டியைக் கொடுத்துவிட்ட அன்று, அதிலிருந்த சாம்பல் கிண்ணத்தை மட்டும் கழற்றி ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டாராம். போன மாதம் மதுரையில் பழைய கார்களை நிறுத்திக் காட்டியபோது, மகள் அவரையும் அழைத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவரும் ஆசையாக அதை எடுத்துக் காட்டியிருக்கிறார். அங்கே ஒருவர் போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்து, அளவு பார்த்து, "இது டூப்ளிகேட்டுங்க பெரியவரே. இதே ஆஷ்ட்ரே திண்டுக்கல்லுல ஒரு வீட்டுல இருக்குதுங்க, அதுதான் ஒரிஜினல். உங்களுது அத விடப் பெருசா இருக்குதுங்களே" என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டாராம்.

"வீட்டுக்கு வந்ததுல இருந்து சரியாச் சாப்புடலக்கா. எங்கப்பா அந்த வண்டிய எஸ்டேட்டு தொரை வீட்டுல இருந்து நேரா வாங்குனதா ஊரெல்லாம் சொன்னவரு. இப்ப அதுவே பொய்யின்னு ஆயிருச்சு. 'ஏம்மா, நான் பொய்யா சொன்னேன்'னு என்னயவே கேக்குறாரு. என்னத்தச் சொல்ல?"

அந்தத் திண்டுக்கல் வீடு நம் வீடுதான். அந்தப் படத்தில் இருப்பது நம் காரில் இருக்கிற கிண்ணம்தான்.

நான் துண்டைப் பிரித்தேன். நீங்கள் செய்கிற மாதிரியே முதலில் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் அச்சின் எண் தெளிவாக இருந்தது. மூடியில், வண்டி ஓட்டுகிறவரின் இடது கைப் பெருவிரல் படுகிற ஓரம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. வேண்டுமென்றே பழசாக்கிய சாமான் எல்லா ஓரத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கும் என்பீர்களே. கையில் நல்ல கனம். பிறகுதான் தேய்த்தேன். வாசனை வந்தது. சந்தேகமே இல்லை. நீங்கள் மதுரை, கோயம்புத்தூர், சென்னை என்று பழைய இரும்புக் கடை ஒன்று பாக்கியில்லாமல் தேடிய சாமான் என் உள்ளங்கையில் இருந்தது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கிண்ணத்தைத் துண்டின் மேலேயே வைத்தேன். "செத்த நேரம் உக்காரும்மா, காப்பி போட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றேன். அது ஒரிஜினல் என்று சொன்னால் நம்முடையது என்ன என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி செல்வராணியோடு நிற்காது. அருளிடம் போகும். நம் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

பீடி வாசனை பட்டாலே பஸ்ஸில் இடம் மாறி உட்காருகிறவர் நீங்கள். ஒரு சாம்பல் கிண்ணத்துக்காக அப்படி அலைந்தீர்களே! வண்டியை வாங்கிக் கொட்டகையில் விட்ட அன்றே, ஸ்டியரிங் பக்கத்து முன்பலகைக்கு அடியில் இருந்த இரண்டு திருகாணி ஓட்டைகளை விரலால் தடவிக் காட்டி, "இங்க ஒரு ஆஷ்ட்ரே இருந்திருக்குடி. கம்பெனி கொடுக்கிறது இல்ல இது. வேணும்னு கேட்டவுகளுக்கு மட்டும் ஷோரூம்ல மாட்டிக் கொடுக்கிறது. லேசுல கெடைக்காது" என்றீர்கள். லேசில் கிடைக்காது என்று சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அன்றைக்கே பார்த்தேன். நமக்கு இனிமேல் ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடனுக்குப் போனபோதுகூட, நாகப்பட்டினத்தில் ஒரு காயலான் கடை வாசலில் பிள்ளையோடு என்னை வெயிலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். மாதாவைப் பார்க்க வந்தோமா, துருவைப் பார்க்க வந்தோமா என்று நான் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. நீங்கள் கையெல்லாம் கறுப்போடு வெளியே வந்து, "ரெண்டு பாத்தேன். ரெண்டும் வேற வண்டியோடது" என்றீர்கள்.

போலி என்ற வார்த்தையை நீங்கள் சொல்லமாட்டீர்கள். எவ்வளவு மோசமான போலியாக இருந்தாலும், கொண்டுவந்தவரிடம் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து "இது வேற வண்டியோடதுங்க" என்று மட்டும்தான் சொல்வீர்கள். மரியாதையாகத்தான் சொல்வீர்கள். ஆனால் சொல்லாமல் இருக்கமாட்டீர்கள்.

எங்கள் அண்ணன் விஷயத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அருளுக்குச் சர்ச்சில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை கொடுத்த அன்று, வீடு நிறையச் சொந்தபந்தம், பின்பக்கம் பிரியாணி அண்டா இறக்கி வைத்திருக்கிறது. அண்ணன் வெள்ளைச் சட்டையும் சிரிப்புமாக வந்து உங்கள் கையில் ஒரு பனி விளக்கைக் கொடுத்தார். "மாப்ள, உங்க வண்டிக்குன்னே மதுரையில சொல்லிவச்சு வாங்குனேன். ஒரிஜினல்" என்றார். நீங்கள் கவிழ்த்துப் பார்த்தீர்கள். கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தீர்கள். திருகாணித் தலையை நகத்தால் சுரண்டினீர்கள். கூடத்தில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது வேற வண்டியோடது மச்சான்" என்றீர்கள்.

அண்ணன் சாப்பாட்டில் கை நனைக்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் நம் வீட்டு வாசலுக்கு வர எத்தனை நல்லது கெட்டது தாண்ட வேண்டியிருந்தது! அன்றைக்கு எல்லாரும் போன பிறகு, மிஞ்சிய பிரியாணியை அள்ளிக்கொண்டே உங்களைக் கேட்டேன்: "ஒரு பொய் சொன்னா என்ன கொறைஞ்சா போயிருவீங்க? அவுக ஆசையா வாங்கிட்டு வந்தாக." நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "சாமானைக் கையில வச்சுக்கிட்டுப் பொய் சொல்ல வரலடி. வந்தா சொல்லமாட்டேனா?" என்றீர்கள். வரவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்? ஆனாலும் மனசு ஆறவில்லை. ஊரில் இருக்கிற ஆம்பிளைகளெல்லாம் பெண்டாட்டியின் அண்ணனுக்காக எத்தனை பொய் சொல்கிறார்கள்.

அப்படிப்பட்ட மனிதர்தான் மதுரை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொன்னீர்கள்.

அருள் சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கிளம்பி, விடிந்ததும் நேரே வார்டுக்கு வந்தான். முகம்கூடக் கழுவவில்லை. பையைத் திறந்து, தாளில் சுற்றியதை எடுத்து உங்கள் கையில் வைத்தான். "அப்பா, கெடைச்சிருச்சு. ஆஷ்ட்ரே. நெட்ல தேடித் தேடி ஒருத்தர்கிட்ட இருந்து வாங்கிட்டேன்" என்றான். அவன் குரல் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது. நீங்கள் அதை வாங்கினீர்கள். கவிழ்த்துப் பார்க்கவில்லை. தேய்க்கவில்லை. மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஒரு கையில் கிண்ணத்தையும் ஒரு கையில் அவன் கையையும் பிடித்துக்கொண்டு, "ஒரிஜினல்டா. ஒரிஜினல்தான்" என்றீர்கள். பிறகு அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டீர்கள். அருள் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக் கண்ணைத் துடைத்தான்.

அந்த வார்டு முழுக்கத் தரை மருந்தின் வாசனை. தேய்த்திருந்தாலும் எதுவும் தெரிந்திருக்காதுதான். ஆனால் கவிழ்த்துப் பார்க்காமல் நீங்கள் ஒரு சாமானையும் ஏற்றுக்கொண்டதில்லை. பார்க்க வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை, கையில் வாங்கியதுமே கனம் போதாது என்று தெரிந்துவிட்டது, அதனால்தான் பார்க்கவில்லை என்று எனக்கு அங்கேயே தோன்றியது. உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு, வீட்டில் யாரும் இல்லாத ஒரு மதியம், நான் அதைத் தேய்த்துப் பார்த்தேன். விரல்தான் எரிந்தது. அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த சாமான். வார்த்தது இறுகும்போது சுருங்கும் என்பீர்களே, அதே மாதிரி ஒரு துளி சின்னது. அருள் அதை வண்டியில் மாட்டியபோது ஓட்டைகள் சேரவில்லை. அதில் ஒரு துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கிய பிறகே முடுக்கினான். "பழைய சாமான்ல, கொஞ்சம் கோணிருச்சும்மா" என்றான். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து, பழைய கார்களைச் சேர்க்கிற ஒருவர் வந்தார். நல்ல மனிதர். நம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஏனுங்கம்மா, இந்த ஆஷ்ட்ரே எங்கீங்க புடிச்சீங்க? கெடைக்கறதே இல்லீங்களே" என்று ஆச்சரியப்பட்டார். அருள் நெஞ்சை நிமிர்த்தி, "எங்கப்பா கையில வாங்கி ஒரிஜினல்னு சொன்ன சாமானுங்க" என்றான். அந்த மனிதர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் சொன்னதுதான் என்று அவருக்கும் தெரியும். மச்சானிடமே பொய் சொல்லாதவர் என்று பேர் எடுத்து வைத்திருந்தீர்களே! படம் பிடித்தார், நீள அகலம் அளந்தார், இரண்டையும் நெட்டில் போட்டார். அந்த அளவைத்தான் இப்போது எல்லாரும் வைத்துக்கொண்டு, வத்தலக்குண்டில் ஒரு பெரியவரைச் சாப்பிடவிடாமல் பண்ணிவிட்டார்கள்.

காப்பி ஆற்றிக்கொண்டு வெளியே வந்தேன். செல்வராணி கிண்ணத்தை மறுபடி துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை.

"உங்கப்பாவோடது ஒரிஜினல்ம்மா. அதுல ஒரு சந்தேகமும் இல்ல."

"அப்ப உங்க வீட்டுல இருக்கிறது?"

"அது வேற வண்டியோடது" என்றேன்.

அவள் உடனே அப்பாவுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள். வயசான குரல். "கார்க்கார ஐயாவா பாத்தாரு?" என்று கேட்டார். "அவுக இல்லங்கய்யா. நான் அவுக வீட்டுல பேசுறேன். நான்தான் பாத்தேன்" என்றேன். பிறகு, "மோந்து பாத்தீகளா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீட்டைப் போல இன்னொரு வீடும் இருந்திருக்கிறது. "மோந்து பாத்தேங்கய்யா. நல்லா வாசம் வந்துச்சு" என்றேன். அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அது உங்க வண்டியிலயே இருக்கட்டும் தாயி. எனக்கு ஏது வண்டி? சும்மா பரண்லதான் கெடக்கு" என்றார் பெரியவர்.

நீங்கள் இருந்திருந்தால் வத்தலக்குண்டுக்கு நடந்தே போய் அவர் காலில் விழுந்து வாங்கி வந்திருப்பீர்கள். நான் வேண்டாம் என்றேன். "எங்க வண்டியில ஒண்ணு இருக்குங்கய்யா. எம்பிள்ள மாட்டுனது" என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்ட பிறகு அருளுக்குப் போன் செய்தேன். ஒட்டன்சத்திரத்துக்காரரிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் வேறு வாய் வழியாக அது பிள்ளைக்குப் போய்ச் சேரக் கூடாது.

"அருளு, அந்த ஆஷ்ட்ரே ஒரிஜினல் இல்லப்பா."

"யாரும்மா சொன்னா?"

"நான் சொல்றேன்."

"அப்பா சொன்னாரும்மா. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு."

"ஆமா, சொன்னாரு."

அவன் குரலைத் தாழ்த்தி, "அவருக்குத் தெரியலையா?" என்று கேட்டான்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மருந்து மயக்கம், கண் மங்கிவிட்டது என்று ஏதாவது சொன்னால் நம்பியிருப்பான். கேள்வியிலேயே அவன் எனக்கு வழியும் விட்டுக் கொடுத்தான். ஆனால் கடைசி நாளில் உங்கள் கண் தவறிவிட்டது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"தெரியும்டா. அதான் திருப்பிக்கூடப் பாக்கல" என்றேன்.

ஆபீஸில் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. மூக்கை உறிஞ்சினான்.

"கழட்டிறாதீங்கம்மா" என்றான். "யாரு என்ன சொன்னாலும் கழட்டிறாதீங்க. அங்கயே இருக்கட்டும்."

போனில் சொன்னதும் ஒட்டன்சத்திரத்துக்காரர் சீக்கிரம் புரிந்துகொண்டார். பெரியவர் வீட்டுக்கே நேரில் போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். வைப்பதற்கு முன்னால் மட்டும், "ஐயாவே ஒரிஜினல்னு சொன்னாருங்களே அம்மா?" என்று தயங்கிக் கேட்டார். "அது எம்பிள்ளைக்குச் சொன்னதுங்க, ஊருக்குச் சொன்னதில்ல" என்றேன்.

எல்லாம் முடிந்து இப்போது உட்கார்ந்திருக்கிறேன். உடம்பு அலுப்பாக இருக்கிறது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதை அருளிடம் நான் சொன்னதில்லை, யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு அவன் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு மருந்து வாங்கக் கீழே இறங்கிப் போனான். நீங்கள் பேசியதில் கொஞ்சம் தெம்பாக இருந்தீர்கள். எனக்கும் ஒரு ஆசை வந்தது. பிள்ளையிடம் அவ்வளவு இதமாகப் பேசியவர் என்னிடமும் ஏதாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன். போர்வையைச் சரி பண்ணுகிற சாக்கில் குனிந்து, "வீட்டுக்கு வந்துருவீங்கல்ல?" என்று கேட்டேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் கையையும்தான் பிடித்தீர்கள். "இல்லடி. நான் வரமாட்டேன்" என்றீர்கள்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள்? 'வந்துருவேன்டி, கருவாட்டுக் குழம்பு வச்சு வையி' என்று சொல்லியிருந்தால் இரண்டு நாளாவது நம்பியிருப்பேன். அவனுக்கு வந்த பொய் எனக்கு வரவில்லையா? எத்தனை நாள் கோபமாக இருந்தேன் தெரியுமா? உங்கள் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போதுகூட முகத்தைப் பார்க்காமல் ஏற்றியிருக்கிறேன். பொய்யைப் பிள்ளைக்குக் கொடுத்தீர்கள். நிஜத்தை என்னிடம் கொடுத்தீர்கள். இவள் தாங்குவாள் என்று நினைத்தீர்களோ, வேறு யாரிடம் சொல்ல முடியும் என்று நினைத்தீர்களோ, எனக்குத் தெரியாது. நான் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் தினமும் தாங்க வேண்டியிருக்கிறது.

வரமாட்டேன் என்று சொன்னீர்கள். சொன்னபடியே வரவில்லை.